சினிஸ்டர்: ஒரு வார்த்தைக்குள்ள இருக்குற வில்லங்கம்

ரெண்டாம் வருஷம் படிக்கும்போது எங்க ஹாஸ்டல் வார்டனுக்கு நான் ஒரு மெயில் அனுப்பினேன். மொத்தமே ரெண்டு வரி. பின்பக்க கேட்டுக்குப் பக்கத்துல மூணு நாளா ராத்திரி நேரத்துல "எ சினிஸ்டர் மேன்" நிக்கிறான், உடனே நடவடிக்கை எடுங்க. அவ்வளவுதான். அப்போ ஜிஆர்இ எழுதணும்னு வேர்ட் லிஸ்ட் மனப்பாடம் பண்ணிட்டிருந்த நேரம். தினமும் இருபது வார்த்தை. புதுசா பைக் கத்துக்கிட்டவன் சும்மாவாச்சும் தெருவை ரெண்டு ரவுண்டு அடிப்பான் இல்லையா, அந்த மாதிரி புதுசா கத்துக்கிட்ட வார்த்தையை எங்கயாவது ஓட்டிப் பாக்கணும்னு கை துறுதுறுன்னு இருந்துச்சு.

மெயில்ல இலக்கணப் பிழை இல்லை. ஸ்பெல்லிங் சரி. ஆனாலும் நான் இதுவரைக்கும் எழுதினதுலயே மோசமான இங்கிலீஷ் அதுதான்னு இப்போ தோணுது. ஏன்னு கடைசியில சொல்றேன். முதல்ல அந்த வார்த்தையைப் பாத்துடலாம்.

அர்த்தம் என்ன?

டிக்‌ஷனரியில "சினிஸ்டர்"னு தேடினா தீய, கெட்ட, அமங்கலமான என்றெல்லாம் தமிழ் அர்த்தம் வரும். தப்புன்னு சொல்ல முடியாது, ஆனா பத்தாது. கெட்டது என்பதற்கு இங்கிலீஷ்ல டஜன் கணக்குல வார்த்தை இருக்கு. இதுக்குன்னு தனியா ஒரு வேலை இருக்கு.

சினிஸ்டர் என்றால், கெட்டது ஏதோ உள்ளே ஒளிஞ்சிருக்கு என்ற எண்ணத்தைப் பாக்குறவனுக்குள்ள உண்டாக்குவது. கெட்டது இன்னும் வெளியே வரல. நடக்கவும் இல்ல. ஆனா வரப்போகுது, யாரோ திட்டம் போட்டிருக்காங்கன்னு நமக்குத் தோணுது. அந்தத் தோணல்தான் இந்த வார்த்தையோட உயிர்.

2012-ல வந்த "சினிஸ்டர்" பேய்ப் படத்தைப் பாத்தவங்களுக்கு இது சட்டுனு புரியும். ஹீரோ ஒரு எழுத்தாளர். புது வீட்டுப் பரண்ல ஒரு பெட்டி கிடைக்குது. உள்ளே பழைய ஃபிலிம் சுருள்கள். மேல ஒட்டியிருக்குற லேபிளைப் பாத்தா குடும்பமா பிக்னிக் போன வீடியோ மாதிரி இருக்கும். அந்த லேபிளுக்கும் உள்ளே இருக்கப்போறதுக்கும் நடுவுல ஒரு இடைவெளி இருக்கே, அதுக்குப் பேர்தான் சினிஸ்டர். கத்தியை எடுத்துக் குத்துறது சினிஸ்டர் இல்ல. கத்தியைத் துடைச்சுக்கிட்டே "சாப்பிட்டீங்களா?"ன்னு சிரிச்சுக் கேக்குறது சினிஸ்டர்.

சொல்லும்போது அழுத்தம் முதல் அசையில விழணும். சி-னிஸ்-டர். இது பெயரடை. அதனால பெரும்பாலும் ஒரு பெயர்ச்சொல்லுக்கு முன்னாடி வரும்: சினிஸ்டர் ஸ்மைல், சினிஸ்டர் மோட்டிவ், சினிஸ்டர் பிளாட். ஒப்பிட்டுச் சொல்லும்போது "மோர் சினிஸ்டர்" என்றுதான் வரும். பின்னாடி "அர்" ஒட்டவைக்க வேணாம்.

சொந்தக்காரங்களோட குழப்பிக்காதீங்க

பரீட்சையில மாட்டிக்கிறது இங்கதான். நாலு ஆப்ஷனும் கெட்ட வார்த்தையா இருக்கும், எது பொருந்தும்னு கேப்பான்.

ஈவில்: இது தீர்ப்பு. சந்தேகமெல்லாம் முடிஞ்சு, கெட்டதுதான்னு முடிவு பண்ணியாச்சு. கனமான வார்த்தை, அடிக்கடி எடுக்கக் கூடாது.

விக்கெட்: கிரிக்கெட் விக்கெட் இல்லீங்க, கடைசி எழுத்து வேற. செய்யுற செயல்ல, குணத்துல இருக்குற பொல்லாத்தனம். கதையில வர்ற மாற்றாந்தாய்க்கு இதைப் போடுவாங்க. பேச்சு வழக்குல "செம"ன்னும் அர்த்தம் உண்டு, அதனால யார்கிட்ட சொல்றோம்னு பாத்துக்கணும்.

மலீஷியஸ்: அடுத்தவனுக்குக் கெடுதல் பண்ணணும்ங்கிற நோக்கம். சிஎஸ்இ மக்களுக்கு இது பழகினதுதான். மால்வேர்ல இருக்குற "மால்" இதுதான், மலீஷியஸ் சாஃப்ட்வேர் என்பதன் சுருக்கம். சட்டத்துலயும் இந்த வார்த்தை நிறைய வரும்.

நிஃபேரியஸ்: ஆளை விட அவன் பண்ற காரியத்துக்குத்தான் அதிகம் பொருந்தும். கள்ளக் கடத்தல், மோசடி மாதிரி சட்டத்துக்குப் புறம்பான வேலைகள்.

ஆமினஸ்: கெட்டது வரப்போகுதுங்குற அறிகுறி. ஆனா இதுக்குப் பின்னாடி ஒரு ஆள் இருக்கணும்னு அவசியம் இல்ல. ஐப்பசி மாசம் வானம் கறுத்துக்கிட்டு வந்தா அது ஆமினஸ். மேகத்துக்குன்னு எந்தத் திட்டமும் இல்லையே. அதே இருட்டுல, லைட்டை அணைச்சிட்டு ஒரு கார் உங்களுக்குப் பின்னாடி மெதுவா வந்தா, அது சினிஸ்டர். அங்க ஒரு மனசு இருக்கு, அது என்ன நினைக்குதுன்னு நமக்குத் தெரியல.

இந்தக் கடைசி வித்தியாசத்தை மட்டும் பிடிச்சுக்கிட்டா பாதிக் கேள்வி தீந்துடும்.

இன்னொரு வழக்கு கட்டாயம் தெரிஞ்சு வச்சுக்கணும். டாக்டர்கள் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பாத்துட்டு "நத்திங் சினிஸ்டர்"னு சொல்றது உண்டு. பேய் பிசாசு ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம் இல்ல. கேன்சர் மாதிரி பயப்படும்படியான எதுவும் தெரியலன்னு அர்த்தம். வீட்டுல யாருக்காவது அந்த ரிப்போர்ட்டைப் படிச்சுச் சொல்ற பொறுப்பு ஒரு நாள் நமக்குத்தான் வரும். அந்த ரெண்டு வார்த்தையைப் பாத்துப் பதறிடாதீங்க, அது நல்ல செய்தி.

இது எங்க இருந்து வந்துச்சு?

இப்போதான் மேட்டருக்கு வர்றோம். லத்தீன் மொழியில "சினிஸ்டர்" என்றால் இடது. அவ்வளவுதான். இடது கை, இடது பக்கம். ஆரம்பத்துல அதுல கெட்டது எதுவுமே கிடையாது.

இன்னும் வேடிக்கை, பழைய ரோமானியர்களுக்கு இடது பக்கம்தான் அதிர்ஷ்டம். அவங்க பறவை எந்தப் பக்கம் பறக்குதுன்னு சகுனம் பாப்பாங்க. அப்படிப் பாக்கும்போது தெற்கைப் பாத்து நிப்பாங்க. தெற்கே பாத்து நின்னா கிழக்கு, அதாவது சூரியன் உதிக்கிற பக்கம், இடது கைப் பக்கம் வரும். அதனால இடது நல்லது. கிரேக்கர்கள் வடக்கே பாத்து நிப்பாங்க. அவங்களுக்குக் கிழக்கு வலது பக்கம் வரும், அதனால வலது நல்லது, இடது கெட்டது. நமக்கு இடது நல்லதா இருக்கு, கிரேக்கர்களுக்கு வலது நல்லதா இருக்குன்னு ரோமாபுரியின் சிசரோவே எழுதி வச்சிருக்கார். பின்னாடி கிரேக்கர்களோட இலக்கியமும் பழக்கமும் ரோமுக்குள்ள பரவினபோது அந்த வழக்கமும் கூடவே வந்துச்சு. ரோமானியக் கவிஞர்கள் அதே வார்த்தையை "அபசகுனமான"ங்குற பொருள்ல எழுத ஆரம்பிச்சாங்க.

நல்லா கவனிங்க. இடது கை எதுவுமே பண்ணல. நின்ன ஆள் திரும்பி நின்னான், அவ்வளவுதான். இன்ஜினியரிங் பாஷையில சொன்னா, ரெஃபரென்ஸ் ஃப்ரேமை மாத்தினாங்க, கெட்ட பேர் கைக்கு வந்துச்சு.

அங்கிருந்து பழைய பிரெஞ்சு வழியா இந்த வார்த்தை 15-ம் நூற்றாண்டு வாக்கில் இங்கிலீஷுக்கு வந்தது. வரும்போதே கெட்ட அர்த்தத்தோடதான் வந்துச்சு. ஆனாலும் "இடது"ங்குற பழைய பொருளும் கொஞ்ச காலம் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. ஷேக்ஸ்பியர் ஒரு நாடகத்துல ஒரு படைவீரனோட இடது கன்னத்துத் தழும்பைச் சொல்ல இதே வார்த்தையைப் போட்டிருக்கார். அந்தக் கன்னம் யாரையும் மிரட்டல.

வலது பக்கத்துக்கு நடந்தது நேர் எதிர். லத்தீன்ல வலதுக்கு "டெக்ஸ்டர்". அதுல இருந்து வந்ததுதான் டெக்ஸ்டெரிட்டி, கைத்திறமை. ரெண்டு கையாலயும் எழுதுறவனை ஆம்பிடெக்ஸ்ட்ரஸ்னு சொல்றோம். அதைப் பிரிச்சுப் பாத்தா "ரெண்டு பக்கமும் வலது கை"ன்னு வரும்! பாவம், திறமையா இருக்கணும்னா இடது கையும் வலது கையா மாறணும். பிரெஞ்சுல "கோஷ்" என்றால் இடது, இங்கிலீஷ்ல அதே வார்த்தைக்கு நாலு பேர் முன்னாடி நடந்துக்கத் தெரியாதவன்னு அர்த்தம். இங்கிலீஷ் "லெஃப்ட்" கூட பழைய ஆங்கிலத்துல பலவீனம்னு பொருள் தந்த சொல்லுல இருந்து வந்ததுதான். "ரைட்"டுக்கோ சரி, நியாயம், உரிமைன்னு மூணு பதவி.

இன்னும் உங்க பையில இருக்கு

இந்த லத்தீன் இடது செத்துப் போயிடல. கண்ணாடி போட்டவங்க உங்க பழைய பிரிஸ்க்ரிப்ஷனை எடுத்துப் பாருங்க. சிலதுல ஓ.டி., ஓ.எஸ். என்று ரெண்டு வரிசை இருக்கும். ஓ.டி. என்பது ஆக்குலஸ் டெக்ஸ்டர், வலது கண். ஓ.எஸ். என்பது ஆக்குலஸ் சினிஸ்டர், இடது கண். உங்க மூஞ்சியிலயே ஒரு சினிஸ்டர் இருக்கு, என்ன பண்ணுவீங்க?

ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில கைரல் கார்பனுக்கு ஆர், எஸ் என்று போட்டோமே, ஞாபகம் இருக்கா? ஆர் என்பது ரெக்டஸ், எஸ் என்பது சினிஸ்டர். முன்னுரிமை வரிசையில சுத்திப் பாக்கும்போது கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில போனா எஸ். இதுல ஒரு அழகு இருக்கு. நம்ம உடம்புல புரதம் கட்டுற 20 அமினோ அமிலங்கள்ல கிளைசினுக்குக் கைரல் கார்பனே கிடையாது. சிஸ்டீன் ஆர். மிச்சம் 18-ம் ஆல்ஃபா கார்பன்ல எஸ் வகைதான். அதாவது நீங்களும் நானும் பெரும்பாலும் சினிஸ்டரால் கட்டப்பட்ட ஆளுங்க.

இத்தாலி போனா ஆட்டோக்காரர் மாதிரி யாராவது வழி சொல்லும்போது "சினிஸ்த்ரா"ன்னு சொல்வாங்க. இடது பக்கம் திரும்புன்னு அர்த்தம். பயந்து ஓடக் கூடாது.

நம்ம ஊர் மட்டும் ஒழுங்கா?

ரோமானியர்களையும் கிரேக்கர்களையும் கிண்டல் பண்ணிட்டு நாம தப்பிச்சுக்க முடியாது. சோத்தாங்கை, பீச்சாங்கைன்னு நாம சின்ன வயசுல கத்துக்கிட்ட பேரையே எடுத்துக்கோங்க. ஒரு கைக்குச் சோறு, இன்னொரு கைக்கு எது கிடைச்சதுன்னு விளக்கம் சொல்லத் தேவையில்லை. 2017-ல "பீச்சாங்கை"ன்னே ஒரு படம் வந்துச்சு, அதுல ஹீரோ இடது கையால பிக்பாக்கெட் அடிக்கிறவர். "வலம்" என்ற சொல்லுக்கு வெற்றி, வலிமைன்னும் பொருள் உண்டு. வீட்டுக்கு வர்ற புதுப்பொண்ணுகிட்ட வலது காலை எடுத்து வச்சு வாம்மான்னு சொல்றோம். கோயில்ல நாம சுத்துறது வலம், யாரும் இடம் வர்றது இல்ல. அதே நேரம், அர்த்தநாரீஸ்வரர்ல அம்பாளுக்குக் கொடுத்தது இடப்பாகம். அங்க இடதுக்கு மரியாதை குறையல.

உலகத்துல சுமார் பத்துல ஒருத்தர் இடது கைப் பழக்கம் உள்ளவர். அறுபது பேர் இருக்குற கிளாஸ்ல ஆறு பேர் வரலாம். என் ரூம்மேட் அதுல ஒருத்தன். நம்ம எக்ஸாம் ஹால் நாற்காலியில எழுதுற பலகை வலது பக்கம் மட்டும்தான் இருக்கும். மூணு மணி நேரம் உடம்பை முறுக்கிக்கிட்டுத்தான் அவன் எழுதுவான். ஒரு தடவை இன்விஜிலேட்டர் அவன் பக்கத்து பெஞ்சைப் பாத்து எழுதுறான்னு நினைச்சு இடத்தை மாத்தி உக்கார வச்சார். அவன் திரும்பி உக்காந்ததுக்குக் காரணம் நாற்காலி. சந்தேகம் விழுந்தது ஆள் மேல.

சரி, அந்த மெயில்

இப்போ என் கதைக்கு வர்றேன். நான் பாத்தது இதுதான். ராத்திரி பதினோரு மணி வாக்குல, பின்பக்க கேட்டுக்கிட்ட, தலையில துண்டைப் போட்டுக்கிட்டு ஒருத்தர் நிப்பார். கையில ஒரு சாக்குப் பை. அடிக்கடி நிமிந்து நம்ம மூணாவது மாடியைப் பாப்பார். மூணு நாள் இப்படி. இதை அப்படியே எழுதியிருந்தா செக்யூரிட்டி போய் "யாருப்பா?"ன்னு கேட்டிருப்பார், விஷயம் அங்கயே முடிஞ்சிருக்கும். நான் பாத்ததை எழுதல. பாத்துட்டு எனக்கு வந்த பயத்தை மட்டும் எழுதினேன், அதையும் அவரோட குணம் மாதிரி எழுதினேன்.

நாலாவது நாள் ராத்திரி அவரைப் பிடிச்சு செக்யூரிட்டி ரூம்ல உக்கார வச்சாங்க. ஒரு மணி வரைக்கும் விசாரணை. அவர் நம்ம மெஸ்ல பாத்திரம் கழுவுறவர். கடைசி அண்டாவைக் கழுவி முடிக்க பத்தரை ஆகிடும். அவரோட மச்சான் பரோட்டா கடை வேலையை முடிச்சிட்டு டிவிஎஸ் ஃபிஃப்டியில வந்து அவரைக் கூட்டிட்டுப் போவார். மழைக் காலம், அதனால தலையில துண்டு. பையில இருந்தது மாத்துத் துணி. மேல பாத்தது எங்க காரிடார் சுவர்க் கடிகாரத்தை. கேட்டுல நின்னா கம்பி வழியா மணி தெரியும். அன்னைக்கு மச்சான் காத்திருந்து பாத்துட்டுக் கிளம்பிட்டார். இவர் மழையில நடந்தே போனார். அதுக்கு அப்புறம் கேட்டுக்கிட்ட நிக்கக் கூடாதுன்னும் சொல்லிட்டாங்க.

ஒன்றரை வருஷமா அவர் கழுவின தட்டுல சாப்பிட்டிருக்கேன். முகம் தெரியாது எனக்கு.

ரெண்டு நாள் கழிச்சு மெஸ் பின்பக்கம் போய், "அண்ணே, அந்த மெயில் போட்டது நான்தான்"னு சொன்னேன். கையில இருந்த சோப்பு நுரையைத் தட்டிவிட்டுட்டு என்னைப் பாத்தார். "விடு தம்பி. ஆனா எங்கிட்டயே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" அவ்வளவுதான் சொன்னார். நான் வார்டன்கிட்ட போய் இதைச் சொன்னேன். இப்போ அவர் கேட்டுக்கு உள்பக்கம், செக்யூரிட்டி ஷெட்டுல உக்காந்து மச்சானுக்காகக் காத்திருக்கார்.

அப்போ எப்பத்தான் போடலாம்?

பிளஸ் டூ சால்ட் அனாலிசிஸ் ரெக்கார்டுல மூணு காலம் போட்டோம்: எக்ஸ்பெரிமென்ட், அப்சர்வேஷன், இன்ஃபெரன்ஸ். சினிஸ்டர் எப்பவுமே மூணாவது காலத்து வார்த்தை. ரெண்டாவது காலம் காலியா இருக்கும்போது அதை எழுதினா மார்க் கிடையாது.

கதை எழுதுறீங்களா, விமர்சனம் எழுதுறீங்களா, தாராளமா போடுங்க. வில்லனோட சிரிப்புக்கு இதை விட நல்ல வார்த்தை இல்ல. புகார், ரிப்போர்ட், வாட்ஸ்அப் குரூப்ல ஒரு நிஜ ஆளைப் பத்தி எழுதும்போது, முதல்ல கண்ணால பாத்ததை எழுதுங்க. எழுதி முடிச்ச பிறகும் அந்த வார்த்தை தேவைப்படுதான்னு பாருங்க. பெரும்பாலும் தேவைப்படாது.

தமிழ்ல இதுக்குப் பொருத்தமான சொல் எதுன்னு ரொம்ப நாள் யோசிச்சேன். எனக்குக் கிடைச்சது "வில்லங்கமான". "இதுல ஏதோ வில்லங்கம் இருக்கு"ன்னு சொல்றோமே, கிட்டத்தட்ட அதே உணர்வு. வெளியே நல்லா இருக்கு, உள்ளே ஏதோ இடிக்குது. ஆனா நம்ம ஊர்ல ஒரு நல்ல பழக்கம் உண்டு. நிலத்துல வில்லங்கம் இருக்கோன்னு சந்தேகம் வந்தா யாரும் அதோட நிக்க மாட்டாங்க. பத்திரப்பதிவு ஆபீஸ்ல வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பாப்பாங்க. பாதி நேரம் ஒண்ணும் இருக்காது.

பயிற்சிக்கு மூணு. பதிலை மூடிக்கிட்டுப் போட்டுப் பாருங்க.

ஒண்ணு: பரீட்சைக்கு முந்தின நாள் ஹெச்ஓடி எதுவுமே பேசாம கிளாஸை ஒரு பார்வை பாத்துட்டுப் போறார், அடுத்து ஏதோ வரப்போகுது. ரெண்டு: கிளிக் பண்ணினா பாஸ்வேர்டைத் திருடுற லிங்க். மூணு: முன்பின் தெரியாத ஒருத்தர் உங்க அம்மா பேர், வீட்டு அட்ரஸ் எல்லாம் சரியாச் சொல்லி, ரொம்ப அன்பா "ஓடிபி மட்டும் சொல்லுங்க"ன்னு கேக்குறார்.

பதில்: ஆமினஸ், மலீஷியஸ், சினிஸ்டர். முதல் கேள்விக்கு சினிஸ்டர்னு போட்டிருந்தீங்கன்னா, ஹெச்ஓடி-க்கு நிஜமாவே ஒரு திட்டம் இருக்குன்னு சந்தேகப்படுறீங்க. எதுக்கும் அவர்கிட்டயே ஒரு வார்த்தை கேட்டுடுங்க.